காலையில் ஒரு தைராய்டு மாத்திரை

காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை. அப்புறம் ஒரு மணி நேரம் பால் சேர்க்காத தேநீரான தே ஓ கூடக் கிடையாது. கீழே காப்பிக்கடை மணம் வேறு மேலே வரும்.

1997இல் எனக்கு 11 வயது. ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். உயிர் பிழைத்தது அதனால்தான், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் “முடிந்தது, போய் நன்றாகப் படி” என்று அனுப்பியவர்கள் பின்னால் வரக்கூடியதைச் சொல்லவில்லை. கதிர்பட்ட தைராய்டு பல ஆண்டு கழித்தும் சுணங்கிப்போகலாமாம். நானோ அசதிக்கும் ஏறிய எடைக்கும் சிங்கப்பூர் தேக்கா வட்டார இனிப்புக் கடைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

பலதுறை மருந்தகத்தில் ஓர் இளம் மருத்துவர்தான் கழுத்துத் தழும்பைப் பார்த்து விசாரித்தார்.

நெஞ்சில் கதிர்வீச்சு பெற்ற சிறுமிகளுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் ஆபத்து அதிகம். இங்கே பொதுவாக 50 வயதிலிருந்து 2 ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். எங்களுக்கு அது போதாது. 25 வயது, அல்லது சிகிச்சை முடிந்து 8 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அப்போதே தொடங்கி ஆண்டுதோறும், எம்ஆர்ஐயும் சேர்த்து. நான் 10 ஆண்டுக்கு மேல் தாமதம். இதயத்தையும் பார்க்க வேண்டும்.

எத்தனை கிரே, அதாவது எவ்வளவு கதிர்வீச்சு, கொடுத்தார்கள் என்று மருத்துவர் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? அம்மா பழைய மைலோ டின்னிலிருந்து மஞ்சளடித்த தாளை எடுத்து நீட்டினார். மருத்துவர் இரண்டு முறை படித்தார்.

செவ்வாய்க்கிழமை எம்ஆர்ஐ. அம்மாவும் வருகிறாராம். வேண்டாம் என்றால் கேட்கவா போகிறார்.