மூன்றாவது ஆணி

2022 செப்டம்பரில் ஈயன் புயல் ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையைச் சிதைத்துவிட்டுப் போன பிறகு, இங்கே டாம்பாவில் நாலு பேர் கூடினால் பேச்சு வீட்டு இன்சூரன்ஸில்தான் வந்து நின்றது. அடுத்த ஆண்டு எங்களுக்கு வந்த புதுப்பிப்புக் கடிதத்தில் பிரீமியம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஏஜென்ட்டைக் கேட்டேன். புயலுக்கான டிடக்டிபிளை 2 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக மாற்றிக்கொண்டால் குறையும் என்றார். 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீடு என்றால், புயலில் சேதம் வந்தால் நம் கையிலிருந்து முதலில் போகும் பணம் 8,000 டாலரிலிருந்து 20,000 ஆகிவிடும். இதைக் குறைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வழி காட்டியவர் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரர். "விண்ட் மிட்டிகேஷன் செய்தாயா?" என்று கேட்டார். வீடு புயல் காற்றைத் தாங்குமா என்று பார்க்கும் பரிசோதனை அது. வீடு காற்றைத் தாங்கும் விதத்தில் கட்டப்பட்டிருந்தால், பிரீமியத்தில் காற்றுச் சேதத்துக்கான பங்கைக் குறைத்தே ஆக வேண்டும் என்று ஃப்ளோரிடாவில் சட்டமே இருக்கிறது. ஆனால் கம்பெனி தானாக வந்து பார்க்காது. உரிமம் பெற்ற இன்ஸ்பெக்டரோ, பொறியாளரோ, கான்ட்ராக்டரோ பார்த்து, மாநிலம் முழுவதற்கும் பொதுவான 1802 எண் படிவத்தில் படங்களோடு கையெழுத்திட்டுத் தர வேண்டும். படிவம் 5 ஆண்டுகள் வரை செல்லும்.

மாநில அரசின் 'மை சேஃப் ஃப்ளோரிடா ஹோம்' திட்டத்தில் இந்தப் பரிசோதனையை இலவசமாகவே செய்கிறார்கள். ஆனால் ஒதுக்கிய பணம் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. நூறு டாலருக்குச் சற்று மேலே கொடுத்துத் தனியார் இன்ஸ்பெக்டர் ஒருவரை வரவழைத்தேன்.

அவர் வருவதற்கு முன்பே ஒரு வேலை சொன்னார்: கூரை மாற்றியதற்கான பர்மிட்டை எடுத்து வையுங்கள் என்று. எங்கள் வீடு 1994-ல் கட்டியது. 1992-ல் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே வீடுகளைக் கூரையோடு பிய்த்தெறிந்த பிறகுதான் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2002 மார்ச்சில். எங்கள் பக்கத்தில் அதற்கு முந்தைய வீடுகளுக்குக் கட்டிய ஆண்டை வைத்துச் சலுகை கிடையாது. ஆனால் முந்தைய உரிமையாளர் 2019-ல் கூரை மாற்றியிருந்தார். கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) கட்டடத் துறையின் இணையப் பதிவில் முகவரியைப் போட்டதுமே பர்மிட் கிடைத்தது. வேலை செய்த கம்பெனியின் பெயரும் அதில் இருந்தது. அவர்களை அழைத்து, பழைய ரசீதையும் வேலையின்போது எடுத்த படங்களையும் கேட்டு வாங்கினேன். கூரை மேல் ஓடுபோல் பதிக்கும் ஷிங்கிளுக்கு அடியில், கூரைப் பலகை மேல் ஒட்டும் நீர்த்தடுப்புத் தாள் போட்டிருப்பது அந்தப் படங்களில்தான் தெரிந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. படம் இல்லாவிட்டால் அந்தத் தாளுக்கான சலுகை போயிருக்கும்.

இன்ஸ்பெக்டர் அதிக நேரம் இருந்தது அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில். நானும் பின்னாலேயே ஏறினேன். ஃப்ளோரிடா வெயிலில் அங்கே ஐந்து நிமிடம் நிற்பதே பாடு. கூரைப் பலகையை டிரஸ்ஸோடு (கூரையைத் தாங்கும் மரச்சட்டம்) இணைக்கும் ஆணி எவ்வளவு நீளம், எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று பார்த்தார். குறி தவறி மரத்துக்குப் பக்கவாட்டில் இறங்கியிருந்த ஓர் ஆணியைத் தேடிப் பிடித்து, டேப்பை வைத்துப் படம் எடுத்தார். மற்றவை மரத்துக்குள் இருப்பதால், நீளத்துக்குச் சாட்சி சொல்வது அந்தத் தவறிய ஆணிதான். இடைவெளியை உலோகம் காட்டும் கருவியால் அளந்தார். 6 அங்குலத்துக்கு ஒன்று. மிக நல்ல வகை.

அடுத்தது டிரஸ்ஸும் சுவரும் சேரும் இடம். பெரிய பணம் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் கூரையை மேலே இழுக்கும் காற்று முதலில் சோதிப்பது இந்த இணைப்பைத்தான். எங்கள் காங்கிரீட் பிளாக் சுவரின் உச்சி பீமிலிருந்து ஓர் இரும்புப் பட்டை கிளம்பி, ஒவ்வொரு டிரஸ்ஸின் மேலாகவும் சுற்றி வருகிறது. பார்த்தால் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டே ஆணி, இரண்டும் ஒரே பக்கம். படிவம் கேட்பது குறைந்தது மூன்று. இரண்டு இருந்தால், பட்டையே இல்லாமல் சாய்வாக ஆணி அடித்த வீட்டோடு சேர்த்து, கடைசி வகையில் போடுவார்கள். மறுபக்கம் ஓர் ஆணி சேர்ந்தால் இரண்டு படி மேலே போய்விடும். இதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பணத்துக்காக மட்டும் இல்லை. இத்தனை ஆண்டுகள் இந்தக் கூரையைப் பிடித்திருந்தது அவ்வளவுதான் என்று தெரிந்ததால்.

கூரையின் வடிவத்துக்கும் சலுகை உண்டு. எங்களுடையது நாலு பக்கமும் சரிந்து இறங்குவது. காற்று முட்டி நிற்க முக்கோணச் சுவர் கிடையாது. வாசலுக்கு மேல் மட்டும் சிறிய முக்கோண முகப்பு. அது மொத்தச் சுற்றளவில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பரவாயில்லை என்பதால் டேப் போட்டு அளந்து பார்த்துவிட்டு எழுதினார்.

ஜன்னல்களில்தான் ஏமாற்றம். புயலுக்கு மாட்டும் அலுமினியப் பலகைகள் கராஜில் அடுக்கி இருந்தன. ஆனால் குளியலறையின் சின்ன ஜன்னலுக்குப் பலகை இல்லை. கண்ணாடி உள்ள ஒரே ஒரு திறப்பு விட்டுப்போனாலும் முழுச் சலுகையும் கிடையாது. கடுமையாகத் தோன்றினாலும் இந்த விதி நியாயம்தான். ஒரு ஜன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால் போதும், கூரையை வெளியே காற்று மேலே இழுக்க, உள்ளே கீழிருந்து அதே காற்று மேலே தள்ளும்.

அப்புறம் தச்சு வேலை செய்பவர் ஒருவரைப் பிடித்தேன். பர்மிட் தேவையா என்று கவுன்டியில் கேட்டுக்கொண்டு, குளிர் மாதத்தில் வேலையை வைத்துக்கொண்டோம். கூரை தாழ்ந்து வரும் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, இன்சுலேஷனை ஒதுக்கி, ஒவ்வொரு பட்டையிலும் மறுபக்கத்தில் ஓர் ஆணி. ஒன்றைக்கூட விடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன், ஏனென்றால் படிவத்தில் எழுதுவது ஆகப் பலவீனமான இணைப்பைத்தான். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து படம் எடுத்துப் புதுப் படிவம் தந்தார். குளியலறை ஜன்னலுக்கும் ஒப்புதல் முத்திரை உள்ள பலகை செய்து மாட்டிக் காட்டினோம்.

படிவத்தை ஏஜென்ட்டுக்கு அனுப்பிய சில வாரங்களில் திருத்திய பாலிசி வந்தது. ஆண்டு முடியக் காத்திருக்க வைக்காமல், மீதி மாதங்களுக்குக் கழித்துக்கொண்டார்கள். ஏறிய தொகை முழுக்க இறங்கியது, அதற்கு மேலும் கொஞ்சம். எல்லாருக்கும் இவ்வளவு குறையும் என்று சொல்ல மாட்டேன். கழிவு காற்றுக்கான பங்கில் மட்டும்தான், அந்தப் பங்கு ஊருக்கு ஊர் மாறும். கரையோரத்தில் அதிகம், உள்ளே ஆர்லாண்டோ பக்கம் குறைவு. டிடக்டிபிள் இன்னும் 2 சதவீதத்திலேயே இருக்கிறது.

கூரை மாற்றப்போகிறவர்களுக்கு ஒன்று: ஷிங்கிள் போட்டு மூடும் முன் பலகையில் அடித்த ஆணிகளையும் ஒட்டுத் தாளையும் தேதியோடு படம் எடுத்துத் தரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்தக் கம்பெனி படங்களை வைத்திருந்தது. எல்லாரும் வைத்திருப்பதில்லை.