மனசு சரியில்லாத நாட்களில் படிப்பு: உதவியை எப்படிக் கேட்பது

தேர்வு நேரத்துப் பதற்றம் எல்லோருக்கும் வரும். கேள்வித்தாள் கைக்கு வரும்வரை வயிற்றைப் பிசையும், எழுத ஆரம்பித்ததும் அடங்கிவிடும். நான் சொல்ல வருவது அதையல்ல. தேர்வு முடிந்த பிறகும் விடாமல் தூக்கம், பசி, படிப்பு மூன்றையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிற ஒன்று இருக்கிறது. கல்லூரி இறுதியாண்டில் அது எனக்கு வந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டேன், படிப்பையும் முடித்தேன். இப்போது அந்த நிலையில் இருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு முதலில் தெரிந்தது சோகம் இல்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்; கண் வரிவரியாக ஓடும், தலையில் ஒன்றும் ஏறாது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும், அலாரம் அடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வீட்டில் "கவனம் எங்கேயோ இருக்கு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கவனம் நிற்காமல் போவது, தூக்கம் கெடுவது, பிடித்தது எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது எல்லாமே மனச்சோர்வின் அறிகுறிகள். இவை பெரும்பாலான நாட்களில் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 50 பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் ஏழு பேர். உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை இது.

சரி, யாரிடமாவது சொல்ல வேண்டும். இங்கேதான் பலருக்கு வாய் அடைத்துப்போகிறது. "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்று சொன்னால் "யாருக்குத்தான் இல்லை?" என்ற பதில்தான் வரும். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது, அந்த வார்த்தையை நாம் எதற்கெடுத்தாலும் சொல்கிறோம். நடப்பதை அப்படியே சொல்லுங்கள். "மூணு வாரமா ராத்திரி நாலு மணி நேரத்துக்கு மேல தூக்கமில்லை. சாப்பாடு இறங்கலை. புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருது. எனக்கு உதவி வேணும்." இப்படி நான்கு வரி போதும். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் கேட்பவர் அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவார்.

வாய்விட்டுச் சொல்ல வரவில்லையா, எழுதிக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஆய்வகத்தில் எல்லோரும் கிளம்பிய பிறகு, ரெக்கார்ட் நோட்டுக்குள் காகிதத்தை வைத்து மேடமிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "உட்காரும்மா. இதை எப்ப எழுதின?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே கல்லூரி ஆலோசகரிடம் கூட்டிப்போனார். அவர் எனக்கு நெருக்கமானவர் கூட இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், மாணவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதவரைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

அம்மா அப்பாவிடம் மனநலம் என்று ஆரம்பித்தால் பயந்துவிடுவார்கள் என்று தோன்றினால், உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள்: "தூக்கமே வரலை, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க." வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரே நல்ல தொடக்கம். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம். தேவையானால் அவரே மேற்கொண்டு அனுப்புவார்.

ஆலோசகரும் உளவியலாளரும் பேசிச் சரிசெய்ய உதவுவார்கள். மருந்து தருபவர் மனநல மருத்துவர். முதல் சந்திப்பு பெரும்பாலும் கேள்விகளிலேயே போய்விடும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எனக்குத் தந்தது சிந்தனை நடத்தைச் சிகிச்சை. 1960களில் ஏரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய முறை அது. "இந்தப் பேப்பர் போச்சுன்னா எல்லாமே போச்சு" என்ற நினைப்பை எழுதச் சொல்வார்கள். அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த நினைப்பு வரும்போதே அடையாளம் தெரிய ஆரம்பித்தது. மருந்து எழுதினால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் வாரங்களில் மனநிலை இன்னும் மோசமானால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இளம் வயதில் இதைக் கவனித்தே ஆக வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஆலோசகரோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறொருவரைக் கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

படிப்பைப் பற்றி: தூக்கத்தைக் குறைத்துப் படிக்காதீர்கள். படித்தது நினைவில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு, பதின்வயதில் 8 முதல் 10 மணி நேரம் தேவை. மருத்துவர் கடிதம் இருந்தால் கூடுதல் நேரமோ தேதி மாற்றமோ கிடைக்குமா என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், ரிசல்ட் வரட்டும், தேர்வு முடியட்டும் என்று எதற்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, அந்த நேரத்திலேயே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை இப்போதே போனில் சேமித்துவையுங்கள். ஆபத்து நெருங்கிவிட்டதாகத் தோன்றினால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

நண்பர் ஒருவர்மேல் சந்தேகம் இருந்தால், "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு யாரோ கேட்டதே நிம்மதியாக இருக்கும். "ஆமாம், ஆனா யார்கிட்டயும் சொல்லாதே" என்றால் அந்தச் சத்தியத்தை மட்டும் செய்து கொடுக்காதீர்கள். "நான் கூடவே இருக்கேன், ஆனா இதைப் பெரியவங்க ஒருத்தர்கிட்ட சேர்ந்து சொல்லப் போறோம்" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலிருந்தபடியே அழைப்பைப் போடுங்கள்.