சீனி டப்பா

"சீனி கொறச்சுப் போடுக்கா, டாக்டர் ஏசுறாரு."

சுங்கை சிப்பூட் ஒட்டுக்கடையில் இன்று காலை ஓர் அண்ணன். அக்கா தே ஓ (பால் இல்லாத தேநீர்) கலக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். அண்ணன் பக்கத்து மேசைச் சீனி டப்பாவை மெல்ல இழுத்தார். கரண்டி கிளாஸில் படாமல் கலக்கினார். சத்தம் வரக்கூடாதே!

"தெரியுது, தெரியுது" என்றார் அக்கா, திரும்பாமலேயே.

சிட்காம், அதாவது அதே ஆட்கள் வாராவாரம் வரும் டிவி நகைச்சுவைத் தொடர், எழுதப் பழகும் எனக்கு அது பொக்கிஷம்.

அதில் ஜோக்கே இல்லை. ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னொருவர் விடமாட்டார். அவ்வளவுதான். மற்ற கதைகளில் ஆள் கடைசியில் திருந்துவார். சிட்காமில் பெரும்பாலும் திருந்தமாட்டார். அடுத்த வாரமும் அதே டப்பாவுக்குக் கை நீளும். அதைப் பார்க்கத்தான் நாமும் உட்காருகிறோம்.

அரை மணி நிகழ்ச்சியில் விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிடம்தான். அதற்குள் ஒரு பெரிய கதை, கூடவே ஒரு சின்னக் கதை.

நம் தோட்டத்து ஆட்களை வைத்தே எழுத வேண்டும் என்று ரொம்ப ஆசை. கோயில் கமிட்டிக் கூட்டம் ஒன்று போதும், ஒரு எபிசோட் ஓடும். செயலாளர் பாத்திரத்தில் தொடங்கியிருக்கிறேன். அவருக்கு வேண்டியது மைக்.