ஓர் உரைக்கு ஒரு காப்பி

எங்கள் வரலாற்றுப் பேராசிரியருக்குப் பாடம் நடத்துவதில் நம்பிக்கை கிடையாது. ஆளைப் பாடத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். இந்தப் பருவத்தில் எங்கள் அமெரிக்கக் கல்லூரி வகுப்பறை கி.மு. 403-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஆனது. ஸ்பார்ட்டாவிடம் போரில் தோற்று, அது ஆட்சியில் அமர்த்திய முப்பது கொடுங்கோலர்களிடம் அடிபட்டு, மக்களாட்சி அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. இனி யாருக்கெல்லாம் வாக்கு என்பதை நாங்கள் சண்டை போட்டு முடிவுசெய்ய வேண்டும்.

வேடங்கள் குலுக்கலில் வந்தன. ஏதென்ஸிலும் பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல்தான். தேர்தல் வைத்தால் பணக்காரர்களும் வாய்ச்சொல் வீரர்களுமே வருவார்கள் என்ற பயம். நியாயமான பயம். எனக்கு விழுந்தவர் லிசியாஸ். கேடயத் தொழிற்சாலைக்காரர். கொடுங்கோலர்கள் அவருடைய அண்ணனைக் கொன்று சொத்தைப் பறித்தார்கள். தப்பியோடியவர், மக்களாட்சிப் படைக்குப் பணமும் கேடயங்களும் அனுப்பினார். பிறருக்கு வழக்குரை எழுதிக் கொடுப்பதில் பின்னாளில் பெரும் புள்ளி. ஆனால் தந்தை சிரக்கூசிலிருந்து குடியேறியவர் என்பதால் மகனுக்கும் குடிமக்கள் கூடி வாக்களிக்கும் சபையில் இடமில்லை. ஆண்டுக்கு 12 திராக்மா வரி மட்டும் தவறாமல் கட்டவேண்டும். மாணவர் விசாவில் இருந்துகொண்டு வரி கட்டுகிற எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

பேச முடியாவிட்டால் என்ன, எழுதலாமே. ஓர் உரைக்கு ஒரு கப் காப்பி என்று கடை விரித்தேன். வியாபாரம் சூடு பிடித்தது.

பேச்சுக்கு நேரம் அளக்கத் தண்ணீர்க் கடிகாரம். அது அங்கே நீதிமன்றத்துப் பொருள். பேராசிரியர் சபைக்கும் கடன் வாங்கிவிட்டார். ஏதென்ஸ் சந்தைவெளியில் கிடைத்த மண்பானை சுமார் ஆறு நிமிடத்தில் காலியாகுமாம். எங்களுடையது அடியில் ஓட்டை போட்ட தயிர் டப்பா. நிலமுள்ளவர்களுக்கு மட்டுமே குடியுரிமை என்று வாதாட எழுந்த மாணவனின் முறை வந்தபோது ஓட்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. சொட்டு விழவில்லை. தண்ணீர் தீரும்வரை பேசலாம் என்பது சட்டம். அவன் பேசினான். ஏழைகள் ஏன் நாடாளக் கூடாது என்பதை முதலில் அலசி, ஏழைகளுக்குச் சோம்பல் ஏன் வருகிறது என்பதில் இறங்கி, கடைசியில் ஆலிவ் மரத்துக்கு உரமிடுவதைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருத்தி ஊக்கு எடுத்துக் குத்திய பிறகுதான் மக்களாட்சி மூச்சுவிட்டது.

அடுத்து, மக்களாட்சிப் படையின் தலைவரான திராசிபூலஸ் வேடக்காரர் எழுந்தார். கொடுங்கோலர்களை எதிர்த்துத் தம்மோடு நின்ற வெளியூர்க்காரர்கள் அனைவருக்கும் குடியுரிமை என்றார். கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

உட்காருவதற்குள் ஆர்கினஸ் என்ற அரசியல்வாதியின் வேடக்காரன் குறுக்கே வந்தான். ஐந்நூறு பேர் கொண்ட ஆலோசனை மன்றத்தின் வழியாக வராத தீர்மானம் சட்டவிரோதம், செல்லாது என்றான். வரலாற்றிலும் லிசியாஸின் குடியுரிமை இப்படித்தான் பறிபோனது. வாதம் அசைக்க முடியாதது, சொற்கள் ஒவ்வொன்றும் முத்து. இருக்காதா? "சட்ட நடைமுறையின் மேன்மை பற்றிப் பொதுவாக ஓர் உரை வேண்டும்" என்று முந்தைய வாரம் கேட்டு என்னிடம் எழுதி வாங்கியது அது.

அந்தக் காப்பியை அவன் இன்னும் வாங்கித் தரவில்லை. சபையில் எழுந்து கேட்கலாமென்றால், குடிமகனாக இருக்க வேண்டுமாம்.