பந்தய வாரம்

வார இறுதியில் மலைச்சரிவு சைக்கிள் பந்தயம். நானும் மனைவியும் இறங்குகிறோம். முழுமுக ஹெல்மெட், முழங்கால் காப்பு எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. நேரத்தை விழுங்குவது சஸ்பென்ஷன்தான். ஓட்டுபவர் முழுக் கவசத்துடன் பெடல்மீது ஏறி நிற்கும்போதே பின் ஷாக் (அதிர்வைத் தாங்கும் காற்றடைத்த உருளை) தன் மொத்த நகர்வில் ஏறத்தாழ 30 சதவீதம் அமுங்கியிருந்தால்தான், பள்ளங்களிலும் சக்கரம் தரையை விடாது. அவள் சுவரைப் பிடித்தபடி ஏறி நிற்க, ஷாக்கின் தண்டிலுள்ள ரப்பர் வளையத்தை நான் மேலே தள்ளி, அவள் மெல்ல இறங்கியதும் ஸ்கேல் வைத்து அளந்தேன். அமுங்கியது குறைவு, அதாவது ஷாக்கில் காற்று சற்று அதிகம். (என்னைவிட வேகமாக இறங்குபவள் அவள்தான் என்பதால், இந்த அளவில் சமரசம் கிடையாது.) புதிய பிரேக் பேடுகளைப் பலமுறை அழுத்தி டிஸ்கோடு பழக்கிய பிறகே பந்தயத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அது நாளைய வேலை. பயிற்சி ஓட்டத்துக்கு முன் தடத்தை நடந்தே பார்த்து, வேர்கள் குறுக்கிடும் வளைவுகளில் எந்தப் பக்கமாக இறங்குவதென முடிவுசெய்ய வேண்டும், அதில் நாங்கள் ஒத்துப்போவது அபூர்வம்.