பழைய கேம்பர் வேன்: எஞ்சினுக்கு முன்னால் ஈரத்தைப் பாருங்க

பழைய சின்ன மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே படுத்துச் சமைச்சு தங்குற வண்டி, வாங்கப் பார்க்கப் போனா, எல்லாரும் முதல்ல எஞ்சின் மூடியைத்தான் திறக்குறாங்க. எஞ்சினைப் பிரிச்சுச் சேர்த்துடலாம். சுவருக்குள்ள ஈரம் இறங்கி மரச்சட்டம் உளுத்துப்போனா பாதி வண்டியைக் கழட்டணும்.

கூரை ஜன்னலைச் சுத்தி, அலமாரி உள்மூலை, பின்பக்க விளக்குக்குப் பின்னாடி கட்டைவிரலால அழுத்துங்க. பிளைவுட் பிஸ்கட் மாதிரி அமுங்கினா நகர்ந்துடுங்க. ஈரமானி 20 சதவீதத்தைத் தாண்டினா தண்ணி எங்கேயோ இறங்குது. ஒழுகுற இடத்துல சிலிக்கான் பூசாதீங்க. அதுமேல அப்புறம் எதுவுமே ஒட்டாது. அந்த ஜன்னல் இல்லன்னா விளக்கோட சட்டத்தைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, பியூட்டைல் டேப் (தண்ணி புகாம அடைக்குற ஒட்டுற ரப்பர் பட்டை) வெச்சு முடுக்குங்க.

காற்றால் குளிரும் பழைய ஃபோக்ஸ்வாகனா? முதல் வேலை பெட்ரோல் ஹோஸ், கிளிப் எல்லாத்தையும் மாத்துறது. ரப்பர் வெடிச்சு சூடான எஞ்சின் மேல பெட்ரோல் சொட்டித்தான் பல வண்டிகள் எரிஞ்சிருக்கு. 1600 சிசி எஞ்சின்னா ஆயில் 2.5 லிட்டர்தான், 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாத்துங்க. அதோட எஞ்சின் நல்லா ஆறினபிறகு வால்வு இடைவெளியை 0.15 மி.மீ.க்குச் சரிபண்ணுங்க.

டயர்ல பட்டன் புதுசா இருக்கேன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல 2314னு இருந்தா அது 2014இன் 23ஆவது வாரம் செஞ்சது, பட்டன் தேயலைன்னாலும் ரப்பர் பழசுதான்.