யாகோபும்

பெரம்பூர் அத்தை அவரை 'யாகப்பர் தாத்தா' என்றுதான் சொல்வார். ஐரிஷ்காரர், பட்டாளத்துச் சிப்பாய், பரங்கிமலையில் கல்யாணம் கட்டியவர். எங்கள் வீட்டில் மிஞ்சிய சரித்திரம் இவ்வளவுதான். குடும்பப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அயர்லாந்தில் டிப்பரேரி பக்கம் தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரர் ஒருவர் மேல்தான் விழவேண்டும், அவ்வளவு சாதாரணமான பெயர்.

யாகப்பர் என்றால் ஜேம்ஸ். கத்தோலிக்க வீடுகளில் இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ராயப்பர் பீட்டர், சின்னப்பர் பால், அருளப்பர் ஜான். ஆகவே ஜேம்ஸைத் தேட ஆரம்பித்தேன். லண்டன் கியூவிலிருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஓய்வூதியம் பெற்ற சிப்பாய்களின் விடுவிப்புத் தாள்கள் டபிள்யூ.ஓ. 97 என்ற வரிசையில் இருக்கின்றன. அதே பெயரில் ஒரு ஆள் கிடைத்தார். இரண்டு மாதம் அவர் பின்னாலேயே அலைந்தேன். கடைசியில் பார்த்தால் அவர் இந்தியாவுக்கே வரவில்லை!

என் தப்பு அடிப்படையிலேயே இருந்தது. 1858 வரை ராணியின் பட்டாளம் வேறு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம் வேறு. கம்பெனி ஆட்களின் காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவேடுகளில் இருக்கின்றன. சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயிருக்கின்றன. அந்த வரிசைக்கு என்/2 என்று பெயர். அதில்தான் 1859ஆம் வருஷத்துத் திருமணப் பதிவு கிடைத்தது. ஜேம்ஸ், சிப்பாய், முதலாம் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி.

பட்டாளத்தின் பெயர் தெரிந்தபின் மற்றது சுலபம். சென்னைப் படையின் ஐரோப்பியச் சிப்பாய் பதிவேட்டில் ஒரே வரி: 1847, வயது 19, டிப்பரேரி, கூலி வேலை. உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஊரே பட்டினி கிடந்த வருஷம் அது. அவர் ஏன் சேர்ந்தார் என்று யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பட்டாளம்! 1857 சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்க நீல் துரையின் தலைமையில் காசிக்கும் அலகாபாத்துக்கும் போனது அதுதான். கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கில் போட்ட நீல். அவருடைய சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து எடுக்கச் சொல்லித்தான் 1927இல் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல்தான் சிலையை அகற்றி எழும்பூர் மியூசியத்துக்குள் கொண்டுபோனார்கள். என் தாத்தாவின் பெயர் 1857 கிளர்ச்சிக்கான பதக்கப் பட்டியலில் இருக்கிறது. காவல் நின்றாரா, கயிறு இழுத்தாரா என்று எழுத அதில் கட்டம் கிடையாது. ஒரு வாரம் நான் எதையும் தேடவில்லை.

அப்புறம் திரும்பவும் உட்கார்ந்தேன். அயர்லாந்தில் தேடுவது தனிக் கஷ்டம். 1922 ஜூனில், உள்நாட்டுச் சண்டையில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் எரிந்துபோனது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கில் பெரும்பகுதியும், புராட்டஸ்டண்ட் கோயில் பதிவேடுகளில் பாதிக்குமேலும் அதோடு போயின. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குச் சாமியாரின் அலமாரியிலேயே கிடந்ததால் தப்பின. அவற்றின் மைக்ரோஃபிலிம் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இலவசமாகவே இணையத்தில் போட்டுவிட்டது. (மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் பிற்பாடு ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆனது. அதைக் கலைத்ததும் அதே 1922இல்தான்.)

டிப்பரேரியிலுள்ள தர்லஸ் வட்டாரத்துப் பங்குகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மை பரவி, ஓரம் கறுத்து, கையெழுத்து கோழி கிளறியதுபோல. ராத்திரி பதினொன்றரைக்கு 1830ஆம் வருஷத்துப் பக்கத்தில் நின்றேன். லத்தீனில் 'யாகோபும்' என்று எழுதியிருந்தது. ஜேம்ஸுக்கு லத்தீனில் யாகோபுஸ் என்று பெயர். ஞானஸ்நானம் கொடுத்தேன், யாரை, யாகோபை. அப்பா பெயர், அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர், ஞானப்பெற்றோர் இரண்டு பேர். அப்படியென்றால் பட்டாளத்தில் சேரும்போது பையனுக்குப் பதினேழுதான், இரண்டு வயது கூட்டிச் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன்.

"யாகோபும்னா? கூட வேற யாரு?"

"அது லத்தீன் அத்தை. 'யாகோபை'ன்னு அர்த்தம்."

அத்தை சிரித்தார். நீல் விஷயத்தையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு பரங்கிமலைத் திருமணப் பதிவைக் காட்டச் சொன்னார்.

"பொண்ணு பேரு?"

"மேரி. உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்ணுன்னு போட்டிருக்கு. அப்பா பேர் இருக்கவேண்டிய இடத்துல கோடு."

"மேரி கோயில்ல வெச்ச பேருடா. அதுக்கு முன்னாடி அவளுக்கு என்ன பேரு?"